காசு கட்டுனவனுக்குத்தான் பூட்டு

போன வாரம் ஒருநா காலைல ஜீப்பு கம்பம்மெட்டு ஏறிக்கிட்டிருக்கு, பின்னாடி ஏலக்காய் எடுக்கப் போற அக்காமாரு, முன்னாடி டிரைவர் பக்கத்துல நான். என் போனை ப்ளூடூத்துல மாட்டிப் பாட்டு போட்டா ஒண்ணுகூடப் பாட மாட்டேங்குது. டவுன்லோடு பண்ணி வச்ச 600 சொச்சம் பாட்டும் சாம்பக் கலர்ல செத்துக் கெடக்கு. என்னடான்னு பாத்தா பேங்க்ல கார்டு மாத்திக் குடுத்ததுல ஆட்டோபே போகாம ராத்திரியோட பாட்டு ஆப்புக்கான சந்தா முடிஞ்சிருச்சு. மூணு வருசமா மாசம் தவறாம கட்டுனவன் நான், கட்டலாம்னு பாத்தா மலைல பாதிதூரம் சிக்னலும் இல்ல. பின்னாடி இருந்து ஒரு அக்கா, "ஏந்தம்பி, பாட்டு ஒன் போனுக்குள்ளதான இருக்கு, பெறகு யாருகிட்ட கேக்கணும்?"ங்குது. டிரைவர் ஒண்ணும் பேசாம பென்டிரைவ எடுத்துச் சொருகுனாரு. கம்பத்துல ஒரு மொபைல் கடைல 300 ரூபாய்க்கு ஏத்துன பாட்டு, வண்டன்மேடு வரைக்கும் நிக்காம ஓடுச்சு.

ஆப்பு பேரு வேணாம், எல்லாம் ஒரே குட்டைல ஊறுன மட்டைதான்.

இதுக்கு முன்னாடியே ஒருக்கா பட்டவன் நான். காய் உலத்துற ஸ்டோர்ல நாள் பூரா நிக்கணும், போன்ல சார்ஜ் நிக்காதுன்னு தீப்பெட்டி சைசுல ஒரு எம்பி3 பிளேயர் வாங்குனேன். சந்தா ஆப்புல எறக்குன பாட்டை அதுக்கு மாத்தலாம்னு கேபிள் மாட்டி ஃபோல்டரத் தொறந்தா பாட்டு பேரே இல்ல, எழுத்தும் நம்பருமா என்னத்தையோ எழுதியிருக்கு. பாட்டைப் பூட்டிப் போட்டு சாவிய ஆப்புக்குள்ள வச்சிருக்கான், ஆப்பு அப்பப்ப நெட்ல போய் 'இவன் காசு கட்டிட்டானா'ன்னு கேட்டுட்டு வரணும், கட்டலேன்னா சாவி கெடையாது. சின்ன பிளேயருக்கு நெட்டும் இல்ல ஆப்பும் இல்ல, அது எங்க போய்க் கேக்கும்?

இது இன்னைக்கு நேத்து கதையும் இல்ல. 2004ல மைக்ரோசாஃப்ட் 'பிளேஸ் ஃபார் ஷ்யூர்'னு ஒரு முத்திரை கொண்டு வந்தான், அது ஒட்டுன பிளேயர்ல பாட்டு கண்டிப்பா பாடும்னு அர்த்தம். ரெண்டே வருசத்துல அவனே 'ஜூன்' (Zune)னு சொந்தமா பிளேயர் விட்டான், அதுல அந்த முத்திரைப் பாட்டு பாடல! சொந்தப் புள்ளையையே யாருன்னு கேட்ட கதை. 2005ல நாப்ஸ்டர்ங்கிற பாட்டு சந்தா கம்பெனில மாசம் 15 டாலர் கட்டுனா எம்புட்டு பாட்டு வேணும்னாலும் பிளேயர்ல ஏத்திக்கலாம்னாங்க, ஆனா அந்த பிளேயருக்குள்ள ஒரு கடிகாரம் ஓடும், சந்தாவப் புதுப்பிச்சு மறுபடி கம்ப்யூட்டர்ல மாட்டலேன்னா தவணை முடிஞ்சதும் அத்தனையும் ஊமையாயிரும். என் போன்ல நடந்ததும் அதேதான், பேருதான் வேற.

எங்க ஆபீஸ்ல ஒரு சேட்டன் இருக்காரு, பழைய மலையாளப் பாட்டு சிடி அடுக்கி வச்சிருக்காரு. என் பொழப்பப் பாத்துட்டு நாலு சிடிய கம்ப்யூட்டர்ல போட்டு எம்பி3யா மாத்தி என் பிளேயர்ல ஏத்தித் தந்தாரு, பத்து நிமிசந்தான். சிடில பூட்டே கெடையாதே. அதுலயும் பூட்டுப் போடப் பாத்து 2005ல சோனி பிஎம்ஜிங்கிற பாட்டு கம்பெனிக்காரன் அசிங்கப்பட்டான், சிடியப் போட்டா கம்ப்யூட்டருக்குள்ள ஒளிஞ்சுக்கிற மாதிரி ஒரு சாஃப்ட்வேர், அந்த மறைவுல வைரஸும் வந்து ஒக்காந்துக்கிச்சு, கடைசில சிடியவே திரும்ப வாங்குனாங்க. 2007 பிப்ரவரில ஆப்பிள் கம்பெனி ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதுன கடுதாசில ஒரு கணக்கு இருக்கு: 2006ல நெட்ல பூட்டுப் போட்டு வித்த பாட்டு 200 கோடிக்கும் கீழ, பூட்டே இல்லாம சிடில வித்தது 2000 கோடிக்கும் மேல. பத்து வாசலத் தொறந்து போட்டுட்டு ஒரு வாசலுக்கு மட்டும் திண்டுக்கல் பூட்டு. 2009ல ஆப்பிளோட ஐட்யூன்ஸ் பாட்டுக் கடைலயே பாட்டுகளுக்குப் பூட்ட எடுத்துட்டாங்க. அப்புறம் இந்த சந்தா ஆப்புங்க வந்துச்சு, பூட்டும் பின்வாசல் வழியா உள்ள வந்துருச்சு.

திருட்டுப் பாட்டுக்கு நான் வக்காலத்து வாங்கல, பாடுனவனுக்கும் வாசிச்சவனுக்கும் காசு போகணும்னுதான் கட்டுறேன் (அதுல எம்புட்டு அவங்களுக்குப் போகுதுங்கிறது தனிப் பஞ்சாயத்து). ஆனா பென்டிரைவ்காரனுக்கு எந்தப் பூட்டும் இல்லையே. நம்ம காப்பிரைட் சட்டத்துல 2012ல 65ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, உரிமைய மீறுற எண்ணத்தோட பூட்ட ஒடைச்சா ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில். பென்டிரைவ்காரன் ஒடைக்கவே வேணாம், அவனுக்கு வர்றப்பவே தொறந்துதான் வருது.

அதே 2012ல ஃபிளிப்கார்ட் 'ஃப்ளைட்'டுன்னு ஒரு பாட்டுக் கடை போட்டுச்சு, பூட்டு இல்லாத எம்பி3, காசு குடுத்தா ஃபைல் நம்மளுது. மறு வருசமே மூடிட்டாங்க. ஆனா அன்னைக்கு வாங்குன ஒரு முப்பது நாப்பது பாட்டு இன்னமும் எங்கிட்ட இருக்கு, கடை போயிருச்சு, பாட்டு போகல. இப்ப நான் கட்டுற ஆப்பு நாளைக்குக் கடைய மூடுனா என்ன மிஞ்சும்? அந்த 600 பாட்டோட பேரு லிஸ்டாவது மிஞ்சுமான்னு தெரியல.

சந்தாவ வண்டன்மேடு ஆபீஸ் வைஃபைல மறுபடி கட்டிட்டேன், ரோசம் பாத்தா போற வழில பாட்டு வேணுமே. ஆனா தமிழ்ப் பாட்ட காசுக்கு ஃபைலாவே விக்கிற எடம் தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்கப்பா. டெலிகிராம் லிங்க் போடாதீங்க, அது ஏற்கனவே டிரைவரண்ணன்கிட்ட இருக்கு.