அந்த இரவின் மீதி எங்கே?

குயின் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு பற்றிப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் லைவ் எய்டு என்ற நிதி திரட்டும் கச்சேரிக்குப் போய்விடுவார்கள். 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானம், 21 நிமிடம். குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி கையைத் தூக்கினால் 72,000 பேர் சேர்ந்து தட்டுகிறார்கள். அடுத்து அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதுகூட நமக்கு மனப்பாடம். நான் இன்று எழுத வந்தது, அதே குழு அதற்கு ஐந்தரை ஆண்டுகளுக்கு முன் நடத்திய இன்னொரு நிதி திரட்டும் கச்சேரியைப் பற்றி. அங்கேயும் கேமரா இருந்தது. ஆனால் நம் கண்ணுக்கு வந்து சேர்ந்தது ஒரு துண்டுதான்.

1979 டிசம்பர் 26, லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன். சுமார் 3,500 பேர் உட்காரக்கூடிய அரங்கம். காரணம் கம்போடியா. 1975 முதல் 1979 ஜனவரி வரை நடந்த க்மெர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பட்டினியிலும் நோயிலும் கொலையிலும் 15 முதல் 20 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. வியட்நாம் படை உள்ளே வந்து அந்த ஆட்சி விழுந்த பிறகும் மக்களுக்குச் சோறு இல்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்லாந்து எல்லையை நோக்கி நடந்தார்கள். அப்போது ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த குர்ட் வால்ட்ஹைமும் பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னியும் முன்னின்று, டிசம்பர் 26 முதல் 29 வரை நான்கு இரவுகள் கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். தி ஹூ, தி கிளாஷ், ஐயன் டூரி, பிரிடெண்டர்ஸ், தி ஸ்பெஷல்ஸ், எல்விஸ் காஸ்டெல்லோ என்று அன்றைய பிரிட்டிஷ் இசையில் பாதி அங்கே இருந்தது. கடைசி இரவு மெக்கார்ட்னியின் விங்ஸ். அந்தக் குழு சேர்ந்து மேடை ஏறியது அதுதான் கடைசித் தடவை.

முதல் இரவு முழுக்க குயினுக்கு மட்டும். வேறு குழு கிடையாது. லைவ் எய்டு மாதிரி 21 நிமிடத்துக்குள் சுருக்கவேண்டிய கட்டாயம் இல்லாத, முழு நீளக் கச்சேரி. அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் வேண்டுமென்றே சின்னச் சின்ன அரங்குகளாகத் தேடிப் போய் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுற்றின் கடைசி நாள் இது. 'கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்' புதிதாக வந்து ஓடிக்கொண்டிருந்த நேரம். 'சேவ் மீ' இன்னும் இசைத்தட்டாகவே வரவில்லை. பழைய குயினும் இனி வரப்போகும் குயினும் ஒரே மேடையில் நிற்கிற இரவு என்று நான் நினைக்கிறேன்.

1981-இல் நான்கு இரவுகளையும் சேர்த்து இரட்டை இசைத்தட்டு வந்தது. அதில் குயினுக்கு எத்தனை பாட்டு தெரியுமா? ஒன்று. 'நௌ ஐம் ஹியர்'. தொலைக்காட்சிக்காகத் தொகுத்த படத்திலும் ஏதோ கொஞ்சம்தான். ஒரு முழு இரவில் மிஞ்சியது அவ்வளவு.

நான் முதலில் பார்த்தது அந்தத் தொலைக்காட்சிப் படத்தின் வீடியோ கேசட் பிரதி. பிரதிக்குப் பிரதி எடுத்து, அதற்கும் பிரதி எடுத்தது. படத்தின் அடியில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடுகள் நெளிந்துகொண்டே இருக்கும். மேடையில் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தச் சிவப்பு ஆளின் தோளைத் தாண்டி வழிந்து பக்கத்தில் இருப்பவர் மேலும் ஒட்டிக்கொள்ளும். குயினின் பிரையன் மே வாசிக்கும் கிட்டார் எது, விரல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கண் எடுக்க மனசு வராது. பாட்டு முடிந்து கைதட்டல் எழுகிற அந்த நொடியில் வெட்டு. அடுத்தது வேறு இரவு, வேறு குழு. பாதிச் சோற்றில் இலையை உருவிய மாதிரி இருந்தது.

முழு இரவின் ஒலி மட்டும் ரசிகர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பிழைத்திருக்கிறது. அதை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. ஓர் இடத்தில், பாட்டுக்கு நடுவே கூட்டம் திடீரென்று 'ஓ'வென்று ஆர்ப்பரிக்கிறது. இசையில் அதற்குக் காரணமே இல்லை. பியானோ தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மேடையில் என்னவோ நடந்திருக்கிறது. பின்னாலிருந்து யாரோ சிரிப்பது வரைக்கும் கேட்கிறது, எதைப் பார்த்துச் சிரித்தார் என்பதுதான் இல்லை. ஒலி இருக்கும்போது படம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இடத்தைத்தான் போட்டுக் காட்டுவேன்.

இதே அரங்கில், இதே குழு, 1975 டிசம்பர் 24 அன்று வாசித்ததை பிபிசி நேரடியாக ஒளிபரப்பியது. அந்தப் பதிவு பத்திரமாக இருந்தது. 2015-இல், நாற்பது வருடம் கழித்து, சுத்தம் செய்து முழுதாக வெளியிட்டார்கள். நான்கே வருட இடைவெளியில் ஒரே மேடையில் நடந்த இரண்டு இரவுகள். ஒன்று கடையில் கிடைக்கிறது, இன்னொன்று கிடைக்கவில்லை. முதலாவதுக்கு ஒரே குழு, ஒரே நிறுவனம். இரண்டாவதுக்கு ஏகப்பட்ட குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு இசைத்தட்டு நிறுவனம், ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரத்தில் எல்லோரும் ஏழை மக்களுக்காக மளமளவென்று சம்மதித்தார்கள். தொகுத்த படம் வந்தது, பணம் போகவேண்டிய இடத்துக்குப் போனது, வேலை முடிந்தது. வெட்டிப் போட்ட மீதிக்கு யார் பொறுப்பு என்று யாருமே எழுதிவைக்கவில்லை என்றால் அது அனாதைதான். தர்மத்துக்காகச் செய்த நிகழ்ச்சிகளின் பதிவுகள் இப்படித் தொலைவதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பது என் கருத்து. லாபத்துக்காக எடுத்த படத்துக்காவது ஒரு முதலாளி இருப்பார், அடுத்த விற்பனையை நினைத்துப் பெட்டியைப் பூட்டி வைப்பார்.

லைவ் எய்டு மட்டும் பத்திரமாக இருக்கிறதா என்ன? அங்கேயும் ஓட்டைகள் இருக்கின்றன. இது ஒரே ஒரு நாளுக்கான நிகழ்ச்சி, மறுபடி விற்கமாட்டோம் என்ற பேச்சில்தான் அன்று பலர் மேடை ஏறினார்கள். பிபிசி தன் நாடாக்களை வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் ஒளிபரப்பிய ஏபிசி தன்னுடையதை அழித்துவிட்டது. இசைத் தொலைக்காட்சியான எம்டிவியிடம் நூற்றுக்கும் மேற்பட்ட நாடாக்கள் இருந்தன, ஆனால் பல பாட்டுகளின் நடுவே விளம்பரமும் தொகுப்பாளர்களின் பேச்சும் புகுந்திருந்தன. 2004-இல் நான்கு டிவிடிகளாக வந்தபோது அதே நாளில் அமெரிக்காவில் நடந்த ஃபிலடெல்ஃபியா மேடையின் பக்கம் ஏன் அவ்வளவு மெலிந்து கிடந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

'மறுபடி விற்கமாட்டோம்' என்பது ஒரு வாக்கு. நான் அதை மதிக்கிறேன். ஆனால் விற்காமல் இருப்பது வேறு, அழிப்பது வேறு. பூட்டி வைத்துச் சாவியை ஒரு காப்பகத்திடம் கொடுத்திருந்தால் எந்த வாக்கும் மீறப்பட்டிருக்காது. அன்று நாடா விலை அதிகம், அதனால் பழைய பதிவின் மேலேயே மறுபடி பதிவு செய்தார்கள் என்று சொல்வார்கள். அது அறுபதுகளுக்கும் எழுபதுகளுக்கும் பொருந்தும். நாசாவே நிலவில் இறங்கிய நாளின் மூல நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்கலாம் என்று 2009-இல் ஒப்புக்கொண்டது. ஆனால் 1985-இல், உலகமே உட்கார்ந்து பார்த்த ஒரு நாளின் நாடாவை அழிக்க ஒருவருக்குக் கை வந்திருக்கிறதே, அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

யார் மேலும் பழி போட முடியாத இழப்பும் உண்டு. 1982-இல் விடைபெற்றுப் போன தி ஹூ, லைவ் எய்டுக்காக மறுபடி ஒன்றுகூடினார்கள். ஆரம்பத்திலேயே ஜான் என்ட்விசிலின் பேஸ் கிட்டார் மக்கர் செய்து ஒரு நிமிடத்துக்கு மேல் எல்லோரும் சும்மா நின்றார்கள். ஒருவழியாக 'மை ஜெனரேஷன்' தொடங்கியது. ரோஜர் டால்ட்ரி 'நீங்களெல்லாம் ஏன் மறைந்து போகக்கூடாது' என்ற வரியைப் பாடுகிறார். 'மறைந்து' என்ற சொல் வரைக்கும் வருகிறது. அங்கே ஃபியூஸ் போய் மேடையிலிருந்து வரும் படமே நின்றுவிட்டது! திரும்பி வந்தபோது 'பின்பால் விசார்ட்' கடைசிச் சரணத்தில் இருந்தது. மைதானத்தில் இருந்த 72,000 பேரும் அந்த இடைவெளியைப் பார்த்தார்கள். வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கோடிப் பேருக்கும் அது இல்லை.

அப்புறம் மெக்கார்ட்னி. 'லெட் இட் பீ' பாட உட்கார்ந்தார், முதல் இரண்டு நிமிடம் மைக் வேலை செய்யவில்லை. பியானோ கேட்கிறது, குரல் இல்லை. கூட்டம் தானாகவே பாட ஆரம்பித்தது. டிவிடிக்காக அந்த இடத்தில் குரலைப் பிறகு பதிவு செய்து சேர்த்தார்கள். அவர் நல்லபடியாகப் பாடியதைக் கொடுக்க நினைத்தது தப்பில்லை. ஆனாலும் எனக்கு வேண்டியது அந்த ஊமை நிமிடங்கள்தான். குரல் கேட்காத ஒரு மனிதருக்காக ஒரு மைதானமே பாடியதே, நிதி திரட்டும் கச்சேரி என்றால் இதைவிட என்ன வேண்டும்? பழுது பார்க்கிறேன் என்று ஒட்டுப்போட்டால் அதுவும் ஒருவகையில் பதிவைத் தொலைப்பதுதான். லெட் செப்பலின் அன்று சரியாக வாசிக்கவில்லை என்று அவர்களே நினைத்ததால் டிவிடியில் அவர்களைச் சேர்க்கச் சம்மதிக்கவில்லை. அது அவர்கள் உரிமை. ஆனால் அன்று வீட்டில் பதிவு செய்தவர்களின் நாடாவில் அது இன்னும் ஓடுகிறது, மக்கள் இன்னும் அன்போடுதான் பார்க்கிறார்கள். ஒரு குழு தடுமாறுவதைப் பார்த்து ரசிகன் ஓடிப்போய்விட மாட்டான்.

ஹேமர்ஸ்மித்துக்கே திரும்பி வருகிறேன். உரிமை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உடனே வெளியிடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள். நான்கு இரவுகள், எத்தனை கேமராவின் நாடாக்கள், எந்தெந்தப் பாட்டு, படமும் ஒலியும் எந்த நிலையில். இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், நாங்கள் தேடுவதை வேறு பக்கம் திருப்புவோம். இருக்கிறது என்றால், நடுவில் நான்கு பாட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, படம் இல்லாத இடத்தில் கறுப்புத் திரையை வைத்து ஒலியை ஓடவிடுங்கள். வரும் பணத்தை முன்பு போலவே அகதிகளுக்குக் கொடுங்கள். எல்லையைத் தாண்டிக் குழந்தையோடு நடப்பவர்கள் இன்றும் இருக்கிறார்களே.

காலமும் அதிகம் இல்லை. அந்தக் காலத்துக் காந்த நாடாக்கள் பலவற்றில், துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகிறது. அப்படியே ஓட்டினால் இயந்திரத்தின் தலையில் பழுப்பு நிறத்தில் பொடி படியும். அந்தப் பொடிதான் பாட்டு, அதுதான் படம். ஐம்பது டிகிரி சொச்சம் சூட்டில் மணிக்கணக்கில் வைத்து ஈரத்தை எடுத்தால் சில வாரங்களுக்கு மறுபடி ஓடும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஓட்டுவதற்கான இயந்திரங்கள் அதைவிடக் குறைவு.

அதனால் வீட்டில் பழைய வீடியோ கேசட் வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன். 'தொலைக்காட்சியில் வந்ததுதானே, எல்லோரிடமும் இருக்கும்' என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் வேறு ஏதாவது எழுதியிருந்தாலும் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். ஒரு படத்துக்குப் பிறகு மிச்சமிருந்த இருபது நிமிடத்தில் யாரோ எதையாவது பதிவு செய்திருப்பார்கள். தொலைந்துபோனதாக நினைத்த எத்தனையோ ஒளிபரப்புகள் இப்படித்தான் திரும்பக் கிடைத்திருக்கின்றன. ஓட்டுவதற்கு முன் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பிடித்திருந்தால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நேற்று இரவும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'சேவ் மீ' கேட்டேன். இன்னும் வெளிவராத பாட்டு என்பதால் கூட்டம் அமைதியாகக் கவனிக்கிறது. ஃபிரெடியின் குரல் மேலே ஏறும்போது முன் வரிசையில் எங்கோ ஒருவர் மட்டும் தட்ட ஆரம்பித்து, தான் மட்டும்தான் தட்டுகிறோம் என்று தெரிந்து நிறுத்திக்கொள்கிறார். ஐந்தாறு தட்டல்கள், அவ்வளவுதான். மறுபடி பின்னால் தள்ளி அந்த இடத்தையே கேட்டேன். கேமரா அப்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது?