எங்கள் ஊருக்குப் புரியாதாம்

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் நடந்த சினிமாக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பேசியவரின் பேர் வேண்டாம். ஆனால் மனசு ஆறவில்லை.

'ஆரண்ய காண்டம்', 'சூப்பர் டீலக்ஸ்' எடுத்த இயக்குநர் தியாகராஜன் குமாரராஜா, அமெரிக்க இயக்குநர் டாரன்டினோவைப் பார்த்துப் படம் எடுக்கிறாராம். கதையை நேராகச் சொல்லாமல் உடைத்து, சிரிப்பையும் அழுகையையும் கலந்து, எது சரி என்று தீர்ப்பும் சொல்லாத பின்நவீனத்துவமே இறக்குமதிச் சரக்காம். கடலூர், பண்ருட்டிப் பக்கத்து ஆட்களுக்கு அது புரியாதாம்.

யாருக்குப் புரியாது? திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்த ஊருங்க இது. துரியோதனன் வரும் நேரத்தில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கதையை நிறுத்திவிட்டு ஊர்த் தண்ணிப் பிரச்சினை பேசுவான், ராஜாவையே கலாய்ப்பான். கொஞ்ச நேரத்தில் பாஞ்சாலி துகில் பிடித்து அழுவாள், சிரித்துக்கொண்டிருந்த நாங்களும் அழுவோம். கதை அறுந்துபோச்சு என்று யாரும் எழுந்து போனதில்லை. 'ஆரண்ய காண்டம்' 2011-இல் வந்தபோது, பழைய இளையராஜா பாட்டு ஓட ஓட ரத்தம் தெறித்ததும் எங்களுக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

"அப்போ டாரன்டினோ பாதிப்பே இல்லையா?" என்பீர்கள். இருக்கும். 1994-இல் அவருடைய 'பல்ப் ஃபிக்‌ஷன்' வந்த பிறகு உலகம் முழுக்கப் பலரிடம் இருக்கிறது. அதனால் என்ன?

'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் வரும் அற்புதம் என்ற பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுனாமியில் ஏசு சிலையைப் பிடித்துப் பிழைத்தவன், அதிலேயே தன் விசுவாசத்தைக் கட்டிக்கொண்டவன். அந்த நம்பிக்கை சரியா தப்பா என்று படம் தீர்ப்புச் சொல்லாது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் மாமா 2004-இல் தண்ணியில் போய்த் திரும்பியவர். படம் முடிந்து வெளியே வந்ததும், "கையில கெடச்சது சாமியா கல்லான்னு அப்ப எவன்டா பாத்தான்?" என்றார். அவ்வளவுதான் பேசினார். அவருக்கா புரியாது?

படத்தைக் குறையே சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதில் வரும் திருநங்கை ஷில்பாவைக் காட்டிய விதத்தைத் திருநங்கைகள் சிலரே கேள்வி கேட்டார்கள். அதற்கு நானும் பதில் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். திருநங்கைகள் திருவிழாவுக்குக் கூடும் கூவாகம் நமக்குப் பக்கம்தானே, அதைக் கூட்டத்தில் பேசியிருக்கலாம். பேசவில்லை. அதைக் கேட்க எழுந்த கல்லூரிப் பெண்ணை, "இன்னும் நிறைய உலக சினிமா பாரும்மா" என்று சொல்லி உட்கார வைத்தீர்கள். கூட்டமும் சிரித்தது. எனக்கு வலிப்பது அதுதான். டாரன்டினோவை விடுங்கள். எங்கள் பிள்ளைகள் சினிமா பேச யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

அடுத்த கூட்டத்தில் முதல் மைக்கை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். கேள்வியை முழுசாகக் கேட்டு முடிக்கட்டும்.