பாக்கெட் எண்ணெயை டேங்கில் ஊற்றாதீர்கள்

2024 ஜூன் 10ஆம் தேதி மலேசியத் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஏறியதும் தோட்டப்புறத்தில் எழுந்த கேள்வி இது: உதவித்தொகை சமையல் எண்ணெய் கிலோ பாக்கெட் 2.50தானே, அதை லோரியில் ஊற்றினால் என்ன? சுற்றிலும் செம்பனை, பக்கத்திலேயே ஆலை வேறு!

ஊற்றினால் வண்டி ஓடும். ஆபத்தே அதுதான். பதப்படுத்தாத சமையல் எண்ணெய் டீசலைவிட ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி. எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் நாஸல் புகையாகத் தூவாமல் சொட்டு சொட்டாக விடும். எரியாத மிச்சம் பிஸ்டன் வளையத்தில் கரியாகப் பிடிக்கும், எஞ்சின் ஆயிலில் இறங்கி அதைக் கூழாக்கும். பாக்கெட் எண்ணெய் அடுப்படிக்குக் கொடுத்தது என்பது தனி விஷயம்.

செய்யக்கூடியது, பொரித்துக் கழித்த எண்ணெயைப் பயோடீசலாக, அதாவது டீசல் எஞ்சினுக்கு ஏற்ற எரிபொருளாக, மாற்றுவது. 2019இலிருந்து நிலையங்களில் வாங்கும் பி10 டீசலில் 10 விழுக்காடு செம்பனைப் பயோடீசல்தான். அதே வேதியியல்தான் இங்கும்.

பழைய எண்ணெயை வடிகட்டி, சலசலப்பு அடங்கும்வரை 110 பாகை செல்சியஸுக்குக் காய்ச்சி நீரை விரட்டுங்கள். நீர் மிஞ்சினால் கிடைப்பது எரிபொருள் அல்ல, சவர்க்காரம். அடுத்து அமிலச் சோதனை. 1 லிட்டர் வாலைவடி நீரில் 1 கிராம் காஸ்டிக் சோடா கரையுங்கள். 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 1 மில்லி எண்ணெயையும் துளி மஞ்சள்தூளையும் கலந்து, அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் சுண்ணாம்பு பட்டுச் சிவக்குமே, அதே சிவப்பு வந்து நின்றால் எத்தனை மில்லி விட்டீர்கள் என்று பாருங்கள். 3 மில்லி என்றால், புது எண்ணெய்க்கே தேவைப்படும் 3.5 கிராமோடு அதையும் கூட்டி, ஒவ்வொரு லிட்டர் எண்ணெய்க்கும் 3.5 + 3 = 6.5 கிராம் காஸ்டிக் சோடா. 6 மில்லியைத் தாண்டினால் அந்த எண்ணெயை ஒதுக்குவதே நல்லது.

10 லிட்டர் எண்ணெய்க்கு 2 லிட்டர் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால். சோடாவை முதலில் மெத்தனாலில் முழுக்கக் கரைத்து, 55 பாகைக்கு ஆறிய எண்ணெயில் சேர்த்து, மூடிய கலத்தில் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். 65 பாகையை நெருங்கினால் மெத்தனால் கொதித்துப் பறந்துவிடும். கலம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். அலுமினியத்தைச் சோடா தின்றுவிடும். இரவு முழுக்க விட்டால் கறுப்பாகக் கிளிசரின் அடியில் தங்கும். அதை இறக்கி, மேலே உள்ள பயோடீசலை மூன்று முறை நீரில் மெதுவாகக் கழுவி, கண்ணாடி போல் தெளியும்வரை உலர்த்துங்கள். சரியாக வந்ததா என்று பார்க்க, 3 மில்லியை 27 மில்லி மெத்தனாலில் குலுக்குங்கள். அடியில் எண்ணெய் தங்கினால் வேலை பாதியில் நின்றிருக்கிறது.

சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துக் கண்ணை இழந்தவர்களைப் பற்றித் தோட்டத்தில் கேள்விப்படாதவர் இல்லை. கண்ணைப் பறித்தது இதே மெத்தனால். ஆவியும் ஆகாது, தோலில் படுவதும் ஆகாது. தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் ஜுவாலை கண்ணுக்கே தெரியாது. அதனால் லயத்து வீட்டுச் சமையலறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

எந்த வண்டிக்கு? மைவி, சாகா கார்கள் எல்லாம் பெட்ரோல், அவற்றுக்கு இது கிடையாது. புகைவடிகட்டி உள்ள புது டீசல் பிக்கப்பும் வேண்டாம்: வடிகட்டியைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் எரிபொருள் எஞ்சின் ஆயிலில் இறங்கினால், டீசல் ஆவியாகிவிடும், பயோடீசல் தங்கிவிடும். பழைய டீசல் லோரி, டிராக்டர், ஜெனரேட்டர்தான் பொருத்தம், அதுவும் டீசலில் 20 விழுக்காடு மட்டும் இதைக் கலந்து. முதல் டேங்க் முடிவதற்குள் எரிபொருள் ஃபில்டர் அடைக்கலாம். பல வருடக் கசடைப் பயோடீசல் கரைத்துக் கொண்டுவருவதுதான் காரணம். உதிரி ஃபில்டர் கையில் இருக்கட்டும். பழைய ரப்பர் ஹோஸ் ஊதிக் கசியும், எரிபொருளைத் தாங்கும் வைட்டன் ரப்பர் ரகத்துக்கு மாற்றுங்கள். செம்பனைப் பயோடீசல் 15 பாகை அளவிலேயே மெழுகுகட்டத் தொடங்கும். நம் சமவெளிக்குக் கவலையில்லை, குளிரான கேமரன் மலைக்குக் காய்கறி ஏற்றப் போகும் லோரிக்கு உண்டு.

என் கருத்தில் இது ஊருக்கு ஒரு பொதுக் கூடமாக, வேதியியல் தெரிந்த ஒருவர் பொறுப்பில் நடந்தால்தான் சரிப்படும். ரொட்டி சானாய்க் கடை, நாசி கண்டார் கடை, கோயில் அன்னதானக் கூடம் என்று எண்ணெய் வரும் இடங்கள் உண்டு. ஆனால் கழிவு எண்ணெயைக் கிலோ கணக்கில் விலைகொடுத்து வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்புகிறவர்கள் ஏற்கெனவே அந்தக் கடை வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் தரும் விலை, மெத்தனால் விலை, ஃபில்டர் விலை மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.