கடன் சாக்லேட் போதும்

ஒசாகாவில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிப்ரவரி முதல் வாரம். பக்கத்து மேசைத் தோழி வந்து, "பெண்கள் எல்லாரும் ஆளுக்கு 500 யென் போடுறோம், நீங்களும் சேர்ந்துக்கிறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். எங்கள் பிரிவில் இருந்த 14 ஆண்களுக்கும் காதலர் தினத்துக்குச் சாக்லேட் வாங்கத்தான் அந்தப் பணம். அவர்களில் பாதிப் பேரோடு நான் அதுவரை பேசியதே இல்லை. ஆனாலும் கொடுத்தேன். மாட்டேன் என்று சொல்ல அன்று தைரியம் வரவில்லை.

ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று கொடுக்க வேண்டியவர்கள் பெண்கள். மனசுக்குப் பிடித்தவனுக்குக் கொடுப்பது 'ஹொன்மெய் சோக்கோ'. மேலாளருக்கும் கூட வேலை பார்ப்பவர்களுக்கும் கொடுப்பது 'கிரி சோக்கோ'. கிரி என்றால் கடமை என்பார்கள். எனக்குக் 'கடன்' என்ற சொல்தான் பொருந்துவதாகத் தோன்றுகிறது. செய்தே தீர வேண்டியதும் கடன், திருப்பித் தர வேண்டியதும் கடன். ஆமாம், மார்ச் 14 'ஒயிட் டே' அன்று ஆண்கள் திருப்பித் தர வேண்டும். மூன்று மடங்காகத் தர வேண்டும் என்றுகூட ஒரு பேச்சு உண்டு.

ஒரு கம்பெனி தன் சாக்லேட்டை 'பார்த்தவுடனே கிரி என்று தெரியும்' என்று சொல்லியே விற்றது. கொடுப்பவளுக்கு அந்த அளவுக்குப் பயம், வாங்குபவன் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வானோ என்று!

இது அவர்கள் பண்பாடு, நாம் பேசக்கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். என்ன பண்பாடு? 1936-இல் கோபே நகரத்து மொரோசோஃப் மிட்டாய்க் கம்பெனி, அங்கிருந்த வெளிநாட்டவர்களுக்காக காதலர் தினத்துக்குச் சாக்லேட் கொடுங்கள் என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் விளம்பரம் போட்டது. 1958-இல் டோக்கியோவின் இசெதான் கடையில் மேரி சாக்லேட் கம்பெனி நடத்திய காதலர் தின விற்பனையில் மொத்த வசூலே 170 யென்தான். ஒயிட் டே இன்னும் புதுசு. 1970-களின் கடைசியில் ஃபுகுவோகாவில் ஓர் இனிப்புக் கடை மார்ஷ்மெல்லோ மிட்டாய் விற்பதற்காக அதை ஆரம்பித்து வைத்தது. கடைக்காரர்கள் கொண்டுவந்த வழக்கத்தைக் கைவிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

2018 பிப்ரவரி 1 அன்று கோடைவா என்ற சாக்லேட் நிறுவனமே நிக்கேய் நாளிதழில் 'ஜப்பானே, கிரி சோக்கோவை நிறுத்துவோம்' என்று முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. காதலர் தினம் விடுமுறை நாளில் வந்தால் நிம்மதி என்று நினைக்கும் பெண்களைப் பற்றி அதில் எழுதியிருந்தார்கள். விலை கூடிய சாக்லேட் விற்கும் கம்பெனி சொன்னதுதான், அதற்கும் ஒரு கணக்கு இருக்கும். இருக்கட்டும். சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

சாக்லேட் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் வீட்டிலேயே சாக்லேட்டை உருக்கி, அச்சில் ஊற்றி, தோழிகளுக்குள் 'தோமோ சோக்கோ' என்று மாற்றிக்கொள்கிறார்கள். பார்க்கவே அவ்வளவு அழகு. யாரும் யாருக்கும் கணக்கு வைப்பதில்லை.

மறு வருஷம் அதே தோழி பட்டியலோடு வந்தாள். இந்த முறை நான் சேரவில்லை என்றேன். சட்டென்று குரலைத் தாழ்த்தி, "எனக்கும் இது பிடிக்காது" என்றாள். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஒசாகாவின் உமேதா பகுதிக்குப் போய், எங்களுக்கென்று ஒரு பெட்டி வாங்கி, ரயிலுக்குக் காத்திருந்த நேரத்திலேயே தின்று தீர்த்தோம்.