யூரிக் அமிலப் பரிசோதனை குரோமியத்தைக் காட்டாது

யூரிக் அமிலம் 7-ஐத் தாண்டினால் தோல் ஆலைக் குரோமியம் உடம்பில் சேர்ந்துவிட்டது என்று பொருள், வேறு பரிசோதனை தேவையில்லை என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ராணிப்பேட்டைக்காரனான எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. இங்கே குரோமியக் கழிவு மேடாகக் குவிந்து கிடந்தது பொய்யில்லை. ஆனால் அந்தப் பரிசோதனை அதைச் சொல்லாது, ஐயா.

யூரிக் அமிலம் நம் உடலே உண்டாக்கும் கழிவு. அதில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. சிறுநீரகம் தளர்ந்தாலும், பீர் குடித்தாலும், ஈரலும் நெத்திலியும் அதிகம் தின்றாலும், இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளாலும் அளவு ஏறும். உலோகங்களில், யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கௌட் என்ற மூட்டுவலியோடு நெடுங்காலமாக அறியப்பட்ட தொடர்பு ஈயத்துக்குத்தான்: அது சிறுநீரகத்தைக் கெடுத்து யூரிக் அமிலத்தைத் தேங்க வைக்கும். பழைய பேட்டரி உடைத்து உருக்கும் இடத்தில் வேலை செய்பவர்கள் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

சந்தேகமிருந்தால் உங்கள் ரிப்போர்ட்டையே எடுத்துப் பாருங்கள். யூரிக் அமிலத்துக்கு எதிரே டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றிருக்கும். எந்த உலோகத்தின் பெயரும் இராது. இரத்தத்தில் ஈயம் பார்ப்பது தனிப் பரிசோதனை, அது மைக்ரோகிராமில் வரும். தண்ணீர் மீது சந்தேகமென்றால் தண்ணீரைத்தான் ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். குரோமியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி குடிநீரில் அது லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.