நான்கு டிராக் ரெக்கார்டர் வாங்கும்முன் வேகத்தைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகள் பலர் நான்கு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிந்து கலக்க உதவும் பழைய நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர்களைத் தேடி அலைகிறார்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்ற கேள்வி என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். கம்பெனிப் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வேகத்தைப் பாருங்கள். இரண்டு வேகங்களில் ஓடாத இயந்திரத்தை நம் வீடுகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாதாரண கேசட்டின் நாடா வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. நாடாவின் அகலம் 4 மி.மீ. கூட இல்லை. அதற்குள் நான்கு ஒலித்தடங்கள், அதாவது டிராக்குகள்: முதல் பக்கத்துக்கு இடம், வலம் என இரண்டு, கேசட்டைத் திருப்பிப் போட்டால் மற்ற இரண்டு. 1979-இல் டியாக் கம்பெனி கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோ 144, இந்த நான்கையும் ஒரே திசையில் எழுதவும் படிக்கவும் செய்தது. நாடாவின் வேகத்தையும் வினாடிக்கு 9.5 செ.மீ. என்று இரட்டிப்பாக்கியது. அதுவரை பெரும்பாலும் ஸ்டூடியோவில் நடந்த வேலை வீட்டு மேசைக்கு வந்தது இப்படித்தான்.

வேகம் கூடினால் என்ன கிடைக்கும் என்பதை நம் பஜனைக் குழுக்களை வைத்தே சொல்கிறேன். குரல் ஒரு டிராக், ஆர்மோனியம் ஒன்று, மிருதங்கம் ஒன்று, ஜால்ரா ஒன்று என்று பதிவு செய்து பாருங்கள். குறைந்த வேகத்தில் ஜால்ராவின் கூர்மை மழுங்கிப்போகும். மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் சாப்பு தெளிவில்லாமல் கேட்கும். 9.5-இல் அந்த இரண்டும் உயிரோடு எழுந்து நிற்கும். அதற்கு விலை நேரம். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் இருபத்திரண்டு நிமிடம்தான் கிடைக்கும். ஒரு பாட்டுக்கு அது தாராளம். நூற்றிருபது நிமிடக் கேசட் பக்கமே போகாதீர்கள். அதன் நாடா மெல்லியது, இழுபட்டுப்போகும். இயந்திரத்தின் கையேடு டைப் 2 (குரோம் வகை) நாடாவைக் கேட்டால் அதையே போடுங்கள். பழைய இருப்பில் தேடினால் இன்னும் கிடைக்கிறது.

அப்படியானால் 9.5-இல் மட்டும் ஓடுவது போதாதா என்று கேட்பீர்கள். போதாது. நம் வீடுகளில் அலமாரிக்கு மேலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கும் கேசட்டுகளை நினைத்துப் பாருங்கள். நிறவெறி ஆட்சியில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்தெறியப்பட்ட குடும்பங்களின் பாட்டிமார் பாடிய தாலாட்டு, புரட்டாசி விரதத்தில் பாடிய நாமாவளி, காவடிச் சிந்து, விடிய விடிய நடந்த தெருக்கூத்து, கல்யாண வீட்டில் யாரோ ஒரு தாத்தா பேசிய பேச்சு. 1860-இல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பலோடு இங்கே வந்திறங்கிய தமிழ், பேரப்பிள்ளைகளின் வாயில் எப்படி ஒலித்தது என்பதற்கு எத்தனையோ குடும்பங்களில் இந்த நாடாக்களை விட்டால் வேறு சாட்சி இல்லை. அவையெல்லாம் 4.76-இல் பதிவானவை. 9.5-இல் மட்டும் ஓடும் இயந்திரத்தில் போட்டால் பாட்டியின் குரல் கீச்சுக்குரலாகத்தான் கேட்கும்.

இரண்டு வேகமுள்ள நான்கு டிராக் இயந்திரத்தில் இந்தப் பழைய கேசட்டைப் போட்டால் நடப்பதைக் கவனியுங்கள். முதல் இரண்டு டிராக்குகளில் முதல் பக்கம் நேராக வரும். மூன்றிலும் நான்கிலும் மறுபக்கம் பின்னிருந்து முன்னாகத் தலைகீழாக வரும். நான்கையும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டருக்குள் வாங்கிக்கொண்டு, பின்னிரண்டையும் மென்பொருளில் திருப்பிவிட்டால் போதும். நாடா ஒரே ஒரு முறைதான் ஓடுகிறது; இரண்டு பக்கமும் கிடைத்துவிடுகின்றன. நாற்பது ஆண்டு பழகி நைந்த நாடாவுக்கு ஒரு ஓட்டம் மிச்சமாவது பெரிய காரியம். இதற்கு நான்கு டிராக்குக்கும் தனித்தனியாக ஒலியை வெளியே எடுக்கும் துளைகள் பின்புறம் இருக்க வேண்டும். விற்பவரிடம் பின்பக்கப் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இதைவிட முக்கியம் பிட்ச் குமிழ்; நாடாவின் வேகத்தைச் சற்றுக் கூட்டவும் குறைக்கவும் அதுதான். பேட்டரி தளர்ந்துபோன ரெக்கார்டரில் பதிவானவை எத்தனையோ. தளர்ந்த மோட்டார் மெதுவாக ஓடியிருக்கும்; இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி மேலேறிக் குரலே மாறிவிடும். அன்று வாசித்த அதே ஆர்மோனியம் இன்னும் வீட்டில் இருந்தால் ஆதார ஸ்வரத்தின் கட்டையை அழுத்திக்கொண்டே குமிழை மெல்லத் திருப்புங்கள். இரண்டு ஒலிகளும் அலைமோதி அலைமோதி ஓர் இடத்தில் ஒன்றாகி நிற்கும். அந்த இடத்தில் கேட்பது பாடியவரின் உண்மையான குரல். சாதாரண டெக்குகள் பலவற்றில் இந்தக் குமிழ் கிடையாது. புதிதாகப் பாடிப் பதிவு செய்யும்போதும் ஆர்மோனியத்துக்கு நாடாவை இழுத்துச் சேர்க்க இதுவே வழி, ஏனென்றால் ஆர்மோனியத்தின் சுருதியை நினைத்தபோது மாற்ற முடியாது.

இனி மாடல்கள். 144-உம் அடுத்து வந்த 244-உம் 9.5-இல் மட்டும் ஓடுபவை. போர்ட்டா ஒன் குறைந்த வேகம் மட்டும். பேட்டரியில் ஓடும் என்பதால் மின்வெட்டுக் காலத்தில் அதன்மேல் பலருக்கு ஆசை வந்தது, எனக்கும் அதன்மேல் மதிப்பு உண்டு. ஃபாஸ்டெக்ஸ் எக்ஸ்-15-இல் ஒரே நேரத்தில் இரண்டு டிராக்தான் பதிவாகும். குழுவாக உட்கார்ந்து பாடுகிறவர்களுக்கு அது கைவிலங்கு. டியாக்கின் டாஸ்காம் பெயரில் வந்த 488-இல் எட்டு டிராக் கிடைக்கிறதே என்று மயங்க வேண்டாம்; எட்டுத் தடத்துக்கான ஹெட் (நாடாவைத் தொட்டு ஒலியைப் பதியும், படிக்கும் பகுதி), பழைய கேசட்டின் நான்கு தடங்களோடு பொருந்தாது. என் தேர்வு டாஸ்காம் 424 வரிசை அல்லது 246. இரண்டு வேகமும் உண்டு, நான்கு டிராக்கும் ஒரே நேரத்தில் பதிவாகும்.

இவற்றில் இரைச்சலைக் குறைக்க டிபிஎக்ஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. பதியும்போது ஒலியை அமுக்கி, கேட்கும்போது விரிக்கும். அதைப் போட்டுப் பதிந்ததை அதைப் போட்டுத்தான் கேட்க வேண்டும். பழைய வீட்டுக் கேசட்டுக்கு அதைக் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள்; இல்லையேல் ஒவ்வொரு தட்டுக்கும் ஒலி பொங்கி அடங்கும். அணைக்க முடியாத இயந்திரம் வேண்டாம்.

இந்த வகை இயந்திரங்கள் இப்போது புதிதாகத் தயாராவதில்லை. எனவே வாங்குவது எதுவானாலும் பழையதுதான். "ஓடுகிறது" என்று விற்பவர் சொன்னால் அதற்கு அர்த்தம் விளக்கு எரிகிறது என்பதாகவும் இருக்கலாம். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் உருகித் தார்போல ஒட்டியிருக்கும். நாடாவை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளை இறுகிப் பளபளத்திருக்கும். இரண்டையும் மாற்றிவிடலாம். ஹெட்டை மட்டும் மாற்றுவது சுலபமல்ல. ஆகவே டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் முகத்தில் நாடா ஓடிய பள்ளம் நகத்துக்குத் தட்டுப்பட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வந்துவிடுங்கள். நான்கு டிராக்கிலும் தனித்தனியாகப் பதிந்து கேட்காமல் பணம் கொடுக்கவே கூடாது. ஜப்பானிலிருந்து வரவழைப்பது 100 வோல்ட் இயந்திரமாக இருக்கும். நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கதை முடிந்தது. தனி அடாப்டரில் ஓடும் மாடல் என்றால் அந்த வோல்ட்டேஜுக்கும் முனைக்கும் பொருந்தும் அடாப்டரை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

புதிய பாட்டு மட்டும் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கம்ப்யூட்டரே போதும். கேசட் ஒலியின் மேல் உண்மையான பிரியம் இருந்தால் மட்டும் இதற்குச் செலவழியுங்கள். வீட்டில் ஒரு பெட்டி பழைய நாடா இருப்பவர்கள் கணக்கு வேறு. ஒரே இயந்திரம் இரண்டு வேலையும் செய்யும்போது அரைகுறையாக ஒன்றை வாங்கிப் பணத்தை இறைப்பானேன்?

இயந்திரம் கைக்கு வந்ததும் ஆசையில் பாட்டியின் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். இந்த இயந்திரத்தில் தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினால் இரண்டு பக்கமும் சேர்ந்தே அழியக்கூடும். உள்ளே நாடாவை ஹெட்டோடு அணைக்கும் சிறு ஃபெல்ட் துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கிப்போகும். திருகாணி வைத்த வேறொரு கேசட் கூட்டுக்குள் இரு சுருள்களையும் மாற்றிவையுங்கள். ஜன்னல் வழியே பார்த்தால் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி தெரிகிறதா? நம் கடற்கரை ஈரத்தில் வந்த பூஞ்சை அது. அந்தக் கேசட்டை எந்த இயந்திரத்திலும் ஓட்ட வேண்டாம், ஹெட்டுக்கும் அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனியே ஒரு உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் சேர்த்து வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் எங்கிருந்தாலும் நானே வந்து பார்க்கிறேன்.