டர்பன் துறைமுகமும் நம் சபையின் ஜெபமும்

"சபைக்குள் அரசியல் வேண்டாம்" என்று சொல்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தில் அல்ல, மனசு கேட்காமல்.

காஸா என்று பேச்செடுத்தாலே இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல சபைகளில் முகங்கள் சுருங்கிவிடுகின்றன. ஞாயிறு ஆராதனையில் உலக சமாதானத்துக்காக ஒரு வரி ஜெபம், எல்லாரும் ஆமென், அடுத்த நிமிடமே அறிவிப்புகள்: வாலிபர் கூடுகை, கட்டட நிதிக்குப் பிரியாணி டிக்கெட். ஜெபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஜெபித்த கையோடு எழுந்து போய்க் காரியம் செய்தவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான்.

2008 ஏப்ரல். சீனாவிலிருந்து அன் யூ ஜியாங் என்ற கப்பல் வந்து டர்பனுக்கு வெளியே நங்கூரம் போட்டது. உள்ளே ஜிம்பாப்வே அரசுக்கு 77 டன் ஆயுதம். ஏகே-47 தோட்டாக்கள் மட்டும் சுமார் 30 லட்சம், அப்புறம் ராக்கெட் குண்டுகள், மோர்ட்டார் குண்டுகள். ஜிம்பாப்வேயில் மார்ச் 29-ஆம் தேதி தேர்தல் முடிந்தும் ஜனாதிபதி தேர்தல் முடிவை வெளியிடாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களுக்குக் கிராமங்களில் அடி விழுந்துகொண்டிருந்தது. நம் அரசாங்கமோ அந்தச் சரக்கை நம் நாட்டு வழியாகக் கொண்டுபோக அனுமதியே கொடுத்துவிட்டது.

துறைமுகத் தொழிலாளர்கள் அந்தச் சரக்கை இறக்கிவைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நேட்டாலின் ஆங்கிலிக்கன் பிஷப் ரூபின் பிலிப், டயகோனியா சபைகள் மன்றத்தில் நெடுநாள் உழைத்த பேடி கர்னி, இருவரும் டர்பன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஏப்ரல் 18-ஆம் தேதி நீதிமன்றம் தடை போட்டது. அன்றே கப்பல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. பிஷப் ரூபின் நம்மைப் போல இந்திய வம்சாவளி. இளமையில் நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோவோடு மாணவர் இயக்கத்தில் நின்றவர். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் நடப்பதைக் கண்டித்து ஓர் அறிக்கை விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம். நம் துறைமுகத்தில் வந்து நிற்பது என்ன, அதற்கு நாம் என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கேள்விதான்.

அடுத்த நாட்டு அரசியல் நமக்கெதற்கு என்கிறீர்கள். சரி, நம் அரசியல் வெளிநாட்டுச் சபைகளுக்கு எதற்கு? ஆனாலும் 1970-இல் உலகத் திருச்சபைகள் மன்றம் நம் விடுதலை இயக்கங்களுக்கு நிதி கொடுத்தது. 1982-இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்த சபைகளின் உலகக் கூட்டமைப்பு, நிறவெறிக்கு வேதத்தைக் கொண்டு நியாயம் சொல்வது வேதப்புரட்டு என்று அறிவித்து, அதை ஆதரித்த நம் நாட்டு வெள்ளையர் சபைகள் இரண்டை விலக்கிவைத்தது. அவர்களும் நமக்காக ஒரு வரி ஜெபத்தோடு நிறுத்தியிருந்தால்?

நாம் தமிழர். 2009-இல் முள்ளிவாய்க்காலில் சனம் செத்தபோது உலகம் பார்த்துக்கொண்டு நின்றதே என்று இன்னும் ஆற்றாமைப்படுகிறோம். அதே வாயால் காஸாவில் இன்னொரு சனத்தின் சாவை அரசியல் என்று ஒதுக்க எப்படி மனம் வருகிறது?

2023 செப்டம்பரில் தென்னாப்பிரிக்க ஆங்கிலிக்கன் திருச்சபையின் நிலைக்குழு, இஸ்ரேலை நிறவெறி நாடு என்று தீர்மானம் போட்டது. அந்த டிசம்பரில் நம் அரசு ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் இஸ்ரேல் மீது வழக்குத் தொடுத்தது. இரண்டையும் மனமார வரவேற்கிறேன். ஆனால் வழக்குப் போட்ட பிறகும் நம் நாட்டு நிலக்கரி இஸ்ரேலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கப்பலேற்றும் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகம் நம் மாகாணத்தில்தான் இருக்கிறது. அதை எதிர்த்துத் தெருவில் நின்றவர்களோடு நம் சபைகளிலிருந்து எத்தனை பேர் போனோம்?

போதகர்மாரே, சபை மூப்பர்மாரே, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நிலக்கரியைப் பற்றி நம் பிஷப்புக்கும் மந்திரிக்கும் சபையின் பெயரில் ஒரு கடிதம் போகட்டும். கையெழுத்து வாங்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.